மூன்று துளியும் ஒரு மீனும்

சீன எழுத்து ஒன்று; 'யூ' என்று படிக்க வேண்டும். இடப்பக்கம் மூன்று நீர்த்துளி, வலப்பக்கம் மீன். பொருள், மீன்பிடித்தல். மீனின் அடியில் வாலாக நான்கு புள்ளிகள். 1950களில் சீனா எழுத்துகளை எளிமையாக்கியபோது நான்கும் ஒரே கோடாயின. தைவானிலும் ஜப்பானிலும் புள்ளிகள்தான் இன்றும்.

இதே எழுத்துக்கு முறைகேடாக அள்ளுவது என்றும் பொருள். குடிகளை உறிஞ்சும் அதிகாரியின் செயலைப் பழைய நூல்கள் இந்த எழுத்தாலும் குறித்தன.

  

கி.மு. 632, செங்பு போர். எதிரியிடம் படை அதிகம். சூழ்ச்சி செய்யலாமா என்று ஜின் நாட்டுக் கோமகன் வென் கேட்கிறான். குளத்தை வற்றடித்தால் மீன் கிடைக்காமலா போகும், அடுத்த வருஷம்தான் மீன் இருக்காது என்கிறார் அவனுக்கு ஆலோசனை சொன்ன யோங் ஜி. வென் சூழ்ச்சி செய்தே வென்றான். ஆனாலும் பரிசில் முதலிடம் யோங் ஜிக்கு! கி.மு. மூன்றாம் நூற்றாண்டு நூலான 'லூஷி சுன்சியூ' சொல்லும் கதை இது. இந்த 'யூ' கடைசியில் நிற்கும் நான்கெழுத்துச் சொலவடையாக இன்றும் புழங்குகிறது.

ஏரி வற்றும்போது மீன் பிடிப்பது நம் ஊரிலும் உண்டு. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பெரும்பாலானவை மானாவாரி ஏரிகள். கோடையில் தானாக வற்றும். முழங்கால் தண்ணீரானதும் ஊரே இறங்கும். அடியில்லாத கூடையான ஊத்தாவைச் சேற்றில் அழுத்தினால், உள்ளே சிக்கிய விரால் மோதுவது பிடித்த கைக்குத் தெரியும். மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் மிஞ்சினால்கூடத் தாக்குப்பிடித்து, மழை வந்ததும் பெருகிவிடும். இந்தப் பிடிப்பில் குற்றமே இல்லை என்பேன்.

ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், காலம் முடிவதற்குள் அதைப் பிடித்துவிட, மோட்டார் வைத்து இருக்கிற தண்ணீரையும் இறைத்துக் கொட்டுகிறார்களே, அதுதான் 'யூ' எழுத்தின் இரண்டாவது பொருள். குஞ்சும் போகும், மாட்டுக்குத் தண்ணீரும் போகும், பக்கத்துக் கிணறும் இறங்கும்.

இதே பக்கத்துக் கரைவெட்டி ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம். 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்குக் காவல் உண்டு. ஊர் ஏரிக்கு ஊர்தான் காவல். அடுத்த மீன்பாசி ஏலத்துக்கு முன் கிராம சபையில் கேளுங்கள்: ஏரியை இறைக்கக் கூடாது என்று குத்தகைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.