தோப்பியும் கோஸெயும்

நாம் பியர் என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்வதை ஜெர்மானியர்கள் ஊர் சொல்லி அழைக்கிறார்கள். கொலோன் நகரத்தில் காய்ச்சுவது கோல்ஷ். வைக்கோல் நிறம், மெல்லிய சுவை. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் டுஸ்ஸல்டோர்ஃபில் காய்ச்சுவது ஆல்ட்; செம்பு நிறம், கசப்பு சற்றுத் தூக்கல். ஓர் ஊர்க்காரர் மற்ற ஊரின் பானத்தை வாயில் வைக்கமாட்டார் (என்று சொல்லிக்கொள்வார்). பாம்பெர்கில் முளைத்த தானியத்தைப் பீச் மர விறகின் புகையில் உலர்த்துவதால் அவ்வூர்ப் பியரில் புகையூட்டிய இறைச்சியின் வாசம் ஏறிவிடுகிறது. ஐன்பெக் என்ற ஊர்ப்பெயர் பவேரியர் வாயில் திரிந்து போக் என்றொரு வகையின் பெயராகவே நின்றுவிட்டது. பண்ணுருட்டிப் பலா, சேலத்து மாம்பழம் என்று நாம் சொல்வதைப் போலத்தான். ஆனால் நாம் பழத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

இவற்றையெல்லாம் எனக்குத் தொலைபேசியில் சொல்லித் தந்தவன் விருத்தாசலத்தில் செராமிக் படித்த ஓர் இளைஞன். நான் பாடம் நடத்திய மாணவன் அல்லன். எங்கள் சிறிய இலக்கியக் கூட்டங்களுக்குச் சூளைத் தூசி படிந்த சட்டையோடு வந்து பின்வரிசையில் அமர்பவன். ஃபியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் சுட்டெடுக்கும் ஊரிலிருந்து கிளம்பி, ஜெர்மனியில் கோப்லென்ஸ் நகரை அடுத்த ஹோர் கிரென்ஸ்ஹவுசன் என்ற மண்பாண்ட ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே சாம்பலும் நீலமும் கலந்த பியர்க் குவளைகளைத் தலைமுறைகளாகச் செய்கிறார்கள். சூளையின் வெப்பம் 1,200 டிகிரியை ஒட்டியிருக்கும்போது உள்ளே உப்பை வீசுவார்களாம். உப்பு ஆவியாகி மண்ணோடு கூடிக் கண்ணாடிப் பூச்சாகப் படிந்துவிடும். "நம்ம ஊர் மண்ணுக்கும் இது ஒத்துவரும் ஐயா" என்றான். குவளைக்குள் ஊற்றுவதைப் பற்றிப் பேச்சு திரும்பியது அதற்குப் பிறகுதான்.

ஜெர்மன் பியர் என்றதும் எல்லோரும் 1516ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்வார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஷ்டாட் நகரில் பவேரியக் கோமகன்கள் நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லூட்விக்கும் பிறப்பித்த ஆணை அது. வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் இம்மூன்றைத் தவிர வேறெதுவும் பியரில் கூடாது. ஈஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை. நொதிக்கவைப்பது ஓர் உயிர் என்பது லூயி பாஸ்டர் காலத்துக்கு வந்துதான் தெளிவாயிற்று. ஆணையின் பெரும்பகுதி விலைக் கட்டுப்பாடு. கோதுமை ரொட்டிக்கு வேண்டும், ஆகவே பியருக்குக் கூடாது என்பதும் அதன் உள்நோக்கங்களில் ஒன்று என்கிறார்கள். ஆனால் கோதுமைப் பியர் காய்ச்சும் உரிமை டேகன்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் கிடைத்தது. 1602இல் அக்குடும்பம் வாரிசற்றுப்போக, கோமகனே அவ்வுரிமையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு கஜானாவை நிரப்பினார். விதியும் விதிவிலக்கும் கூடவே பிறக்கும் என்பது இலக்கணம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. இன்னொரு வேடிக்கை, 'தூய்மைச் சட்டம்' என்று நாம் சொல்லும் அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்ததே 1918இல்தான். மரபு என்று நாம் கும்பிடுவதில் பலவும் இப்படிப் பின்னாளில் பெயர் சூட்டப்பட்டவை.

ஒரு முறை பெங்களூருக்குக் கருத்தரங்கு ஒன்றுக்காகப் போயிருந்தபோது நண்பர் ஒருவர் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் விடுதிக்கு அழைத்துப் போனார். பவேரியக் கோதுமைப் பியரை முகர்ந்தேன். வாழைப்பழமும் கிராம்பும் மணந்தன. இரண்டையும் அதில் சேர்ப்பதில்லை, ஈஸ்ட்டின் வேலை என்றார் பரிமாறிய பையன். அடுத்து அவன் கொண்டுவந்தது பாஸ்மதி அரிசி சேர்த்த பியர். 1516ஆம் ஆண்டு ஆணையின்படி அது பியரே அல்ல. எனக்கோ கோதுமையைவிட அதுதான் நெருக்கமாக இருந்தது.

இவ்வகை விடுதிகளுக்கு மூலம் அமெரிக்கா. அங்கே 1970களின் இறுதியில் நாடு முழுவதிலும் நூறு மதுவடி ஆலைகள்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியவையும் ஒரே வெளிறிய மஞ்சள் பானத்தைத்தான் காய்ச்சின. அந்தப் பானம் யாருடைய வாரிசு என்று பார்த்தால், 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் ஜோசப் க்ரோல் என்ற பவேரியர் காய்ச்சிய பொன்னிறப் பியரின் கொள்ளுப்பேரன். ஜெர்மன் மரபின் ஒரு கிளையே உலகத்தைச் சலிப்பில் ஆழ்த்திற்று எனலாம். அதற்கு எதிராக 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் மூழ்கிக்கொண்டிருந்த ஆங்கர் ஆலையை வாங்கினார். (58 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023இல் அது மூடப்பட்டது.) 1976இல் ஜாக் மெக்காலிஃப் கலிஃபோர்னியாவில் நியூ ஆல்பியன் தொடங்கினார். 1978இல் வீட்டில் காய்ச்சிக்கொள்ள அனுமதிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டார். இன்று அங்கே 9,000க்கு மேற்பட்ட ஆலைகள். பெரும்பாலானவை சிறியவை.

யாப்பை உடைத்துப் புதுக்கவிதை வந்த கதையாக இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். புதுக்கவிதைக்கு நேர்ந்த விபத்துகளும் இதற்கு நேர்ந்திருக்கின்றன: பிஸ்கோத்து, மிட்டாய், கேக் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பானையில் போட்டுப் புதுமை என்கிறார்கள். ஆனால் கோஸெ என்ற பியரின் வரலாறு தெரிந்தபோது அந்த ஒப்புமை போதவில்லை.

கோஸெ, கோஸ்லார் என்ற ஊரில் பிறந்து லைப்சிக் நகரில் வாழ்ந்த புளிப்புப் பியர். பாதிக்கு மேல் கோதுமை, அதோடு உப்பு, அதோடு, நம்புங்கள், கொத்தமல்லி விதை. புளிப்பு வருவது மோரைப் புளிக்கவைக்கும் அதே இனத்து நுண்ணுயிர்களால். தூய்மைச் சட்டத்தின் கண்ணுக்கு இது ஒழுங்கீனம். வட்டார வழக்கு என்று விலக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். சட்டத்தின் விலக்கு காப்பாற்றவில்லை. போரும் பொதுவுடைமை அரசும் வந்து, 1966இல் லைப்சிக்கின் கடைசி கோஸெ ஆலையும் நின்றது. 20 ஆண்டுகள் கழித்து லோத்தர் கோல்ட்ஹான் என்பவர், பழைய கோஸெ விடுதி ஒன்றைப் புதுப்பிக்கும்போது அந்தப் பானத்தையும் திரும்பக் கொண்டுவர விரும்பினார். அதைக் குடித்திருந்த முதியவர்களைத் தேடிப்போய், எப்படி இருந்தது, எவ்வளவு புளித்தது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். லைப்சிக்கில் யாரும் காய்ச்ச முன்வரவில்லை. கிழக்கு பெர்லின் ஆலை ஒன்று 1985இல் சோதனையாகக் காய்ச்சிக் கொடுத்தது; மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு அமெரிக்கச் சிற்றாலைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். லைப்சிக்கைப் பார்த்தேயிராத ஊர்களிலெல்லாம் இன்று கோஸெ கிடைக்கிறது. மரபின் சொந்த வீட்டில் செத்துப்போனதை, மரபை மீறுகிறவர்கள் என்று ஏசப்பட்டவர்கள் தோளில் தூக்கித் திரிகிறார்கள்.

கோல்ட்ஹானைப் பற்றிக் கேட்டபோது எனக்கு உ.வே.சா. நினைவு வந்தது. ஊர் ஊராகப் போய் ஏடு தேடியவர். 1889இல் அவர் நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பத்துப்பாட்டில்தான் நம்முடைய பியர் இருக்கிறது.

மிகையாகச் சொல்லவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழியில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று சொல்லப்படுகிறது. எயினர் குடியில் வீட்டில் காய்ச்சிய தோப்பி. வலைஞர் குடியில் செய்முறையே உண்டு: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆறவைத்து, அதில் 'அடை' ஒன்றைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின் சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது. தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். அந்த அடையை நச்சினார்க்கினியர் முளையின் அடை என்கிறார். முளைத்த தானியம், அதாவது மால்ட். பவேரியன் வாற்கோதுமையில் செய்ததை வலைஞர் வீட்டுப் பெண் நெல்லில் செய்திருக்கிறாள் என்று ஆகிறது.

எனக்கு இதில் ஒரு சிறு ஐயம் உண்டு. புலவர் அந்த அடையைப் புற்றுக்குள் இருக்கும் குரும்பிக்கு உவமிக்கிறார். கறையான் தன் புற்றினுள் பூஞ்சை வளர்க்கும் புற்றாஞ்சோறு அது. முளைத்த நெல்லை இடித்தால் அப்படித் தோன்றுமா? ஜார்கண்டிலும் ஒடிசாவிலும் ஹண்டியா என்ற அரிசி மதுவை இன்றும் வீட்டில் செய்கிறார்கள். அரிசி மாவில் மூலிகை வேர்களைச் சேர்த்து உருட்டி உலர்த்திய 'ராணு' என்ற நொதி உருண்டையைச் சோற்றில் கலக்கிறார்கள். பூஞ்சை படிந்த அத்தகைய உருண்டைக்குத்தான் குரும்பி உவமை கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். உரையாசிரியர் காலத்துக்குள் அந்தக் கைப்பழக்கம் இங்கே மறைந்திருக்கலாம். அசாமின் திமாசா மக்களுடைய ஜுதிமா என்ற அரிசி மதுவுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களிடம் போய்க் கேட்கலாம். எயினர் வீட்டில் யாரைப் போய்க் கேட்பது?

சொற்கள் மட்டும் நம்மிடம் பத்திரமாக இருக்கின்றன. நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி. மண்ணுக்குள் சாடியைப் புதைத்து முதிரவைத்தது ஒன்று, மூங்கில் குழாயில் விளைந்தது ஒன்று. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் பாடுகிறார். பட்டினப்பாலையில் அதே உருத்திரங்கண்ணனார், மட்டை விட்டு மதுவுக்கு மாறிய மகளிரைக் காட்டுகிறார். உள்ளூர்ப் பானமா, புதுப் பானமா என்ற வழக்கு காவிரிப்பூம்பட்டினத்திலேயே தொடங்கிவிட்டது.

இதை வகுப்பில் நடத்தும்போது பின்வரிசையில் சிரிப்பு எழும். அடுத்த மாதம் அதே வகுப்பில் கள்ளுண்ணாமை அதிகாரமும் நடத்தவேண்டும். ஒரு முறை இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வேறுபாடு சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு மாணவி குறிப்பெடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஏனம்மா என்றேன். "எங்க வூட்ல இதுக்கெல்லாம் ஒரே பேருதாங்க ஐயா" என்றாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

அவளிடம் கோல்ஷையும் கோஸெயையும் பற்றி நான் பேசமுடியாது. எங்கள் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் ஜெர்மனியின் தூய்மைச் சட்டத்தைக் காட்டி வெளிநாட்டுப் பியரைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது 1987 மார்ச்சில். அதே ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கித் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பனையிலிருந்து இறக்குவது குற்றம். ஆலையில் வடிப்பதை 2003 நவம்பரிலிருந்து அரசே கடை வைத்து விற்கிறது. கம்பி வலைக்குள் கைநீட்டி வாங்கி, நின்ற நிலையில், தண்ணீரோ சோடாவோ கலந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறார்கள். கொலோனில் குவளை 200 மில்லி. காலியானால் பரிமாறுபவர் கேட்காமலே அடுத்ததை வைப்பார்; போதுமென்றால் அட்டையைக் குவளையின்மேல் மூடவேண்டும். போதும் என்பதற்கு ஒரு சைகையை அந்த ஊர் வைத்திருக்கிறது. அங்கே குடிநோயாளிகள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை, நிறையவே உண்டு. சுவைக்காகக் குடிப்பவனுக்குத்தான் வகைகள் வேண்டும். நினைவு தப்பினால் போதும் என்பவனுக்கு ஒரு பெயர் போதும் என்கிறேன். அந்தப் பெண்ணின் வீட்டில் அழிந்தது தோப்பி மட்டுமல்ல.

தோப்பியைப் பற்றி ஜெர்மனியில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். அங்கே வீட்டுத் தேவைக்குக் காய்ச்சிக்கொள்ளத் தடையில்லை; இங்கே நான் முயன்றால் மதுவிலக்குச் சட்டத்தில் உள்ளே போகவேண்டியதுதான். அவனுடன் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில் பியர் காய்ச்சுகிறவராம். செய்முறையை எழுதி அனுப்பச் சொன்னார்கள். உரையைப் பிரித்துப் படிப்படியாக எழுதினேன். அடை என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கடைசியில் இரண்டு சாடிகளில் செய்துபார்க்கச் சொன்னேன்: ஒன்றில் நச்சினார்க்கினியர் சொன்ன முளைத் தானியம், மற்றதில் ஆசியக் கடையில் கிடைக்கும் அரிசி நொதி உருண்டை. சாடிகளை அவனே வனைந்து, உப்புப் பூச்சேற்றிச் சுட்டான்.

மூன்றாம் நாள் இரவு அழைத்தான். முளைச் சாடி வெறும் இனிப்பாக, கஞ்சிபோலக் கிடந்ததாம். உருண்டை போட்ட சாடியில் நுரை கட்டியிருந்ததாம். பிழிந்து ஆளுக்கு அரைக் குவளை குடித்திருக்கிறார்கள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"அவருக்குப் பிடிக்கல ஐயா. உப்பும் மல்லியும் போட்டா கோஸெ மாதிரி ஆயிடும்னு சொல்றாரு. எனக்கு, எங்க ஆயா கோடையில பழைய சோத்துல நீராகாரம் வடிப்பாங்க இல்ல, அதை ஒரு நாள் கூடுதலா விட்டா ஒரு வாசம் வருமே, அது வந்துச்சு."

பக்கத்தில் மீன் இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றான்.