கரியில் ஓடிய மெசின்

ரூற்றிங் புறோட்வேயில் 127ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி மிச்சம் தாண்டிப் போனால், ஹக்பிறிட்ஜ் வருவதற்குச் சற்று முன்னால் வீதியோரமாக ஒரு வீட்டுத்தொகுதி தெரியும். கூரைகளின் மேல் சேவல் கொண்டை மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறநிறமாய் ஏதோ நின்று, காற்று வீசும் பக்கத்திற்குத் திரும்பிக்கொண்டிருக்கும். கோப்பை கழுவிவிட்டு அதிகாலையில் திரும்பும் எங்களுக்கு அது ஏதோ சின்னப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றுதான் நெடுநாளாக நினைப்பு. அந்தக் கொண்டைகள் வீட்டுக்குள் காற்றைக் கொண்டுவரும் குழாய்கள் என்பதும், அந்த இடத்தின் பெயர் பெட்ஸெட் என்பதும், அங்கே ஒருகாலம் விறகை எரித்தல்ல, விறகை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கப் பார்த்தார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று பஸ்ஸில் இருந்தபடியே எங்களுக்குப் பெரியம்மாவின் மகன் ஞாபகம் வந்தான். ஏன் என்று சொல்ல வேண்டும்.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டு, கிளாலிக் கடல் கடந்து, கடைசியில் விசுவமடுவில் ஒரு கொட்டிலில் ஒதுங்கினோம். பெரியம்மாவின் மகனுக்கு எங்களைவிடப் பதினைந்து வயது கூட. நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் மெக்கானிக். வன்னியில் திருத்துவதற்கு வாகனம் குறைவு, ஓட்டுவதற்கு எண்ணெய் அதைவிடக் குறைவு. பெற்றோல், மண்ணெண்ணெய், ரோச் பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில் இருந்த காலம். மிளகாய்க்கன்றுக்குத் தண்ணீர் இறைக்க ஒரு ரண்டு இஞ்சி மெசின் அவரிடம் இருந்தது. மண்ணெண்ணெயின் விலைக்கு மிளகாயை விற்றாலும் கட்டாது.

அண்ணை ஒரு எண்ணெய்ப் பீப்பாயை எடுத்தார். உள்ளே களிமண் பூசினார். அடியில் ஒடுங்கிய கழுத்து மாதிரி ஒன்று வைத்தார். அதற்குள் விறகுத் துண்டுகளைப் போட்டு, மேலே நெருப்பு மூட்டி, வாய் மூடி, கொல்லன் பட்டறைத் துருத்தியால் காற்றை இழுத்தார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சுற்றி நின்றோம். வெளியே வந்த புகைக்கு அவர் ஒரு நெருப்புக் குச்சியைக் காட்ட, புகை பற்றி எரிந்தது. புகை எரியும் என்று அதற்கு முன்னால் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஊரில் செய்தி பரவி, பின்னேரம் ஆட்கள் பார்க்க வந்தார்கள்.

அதன் இரகசியம் பெரிதல்ல. விறகுக்குப் போதிய காற்றுக் கொடுத்தால் முழுதாய் எரிந்து கரியமிலவாயுவும் நீராவியும் போகும், மிச்சம் சாம்பல். காற்றைக் குறைத்து மூச்சுத்திணற விட்டால், அந்தக் கரியமிலவாயுவும் நீராவியும் தகதகவென்று சிவந்து கிடக்கும் கரிக்கூடாகப் போகும்போது, கரி அவற்றின் ஒட்சிசனில் ஒரு பங்கைப் பறித்துவிடும். வெளியே வருவது காபனோரொட்சைட்டும் ஐதரசனும். இரண்டும் எரியும். காற்றிலிருந்து வந்த நைதரசன்தான் அதில் பாதி, அதனால் வலு குறைவு. பெற்றோலில் ஓடும் மெசின் இதில் ஓடினால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ பலம் இழக்கும். ஆனால் ஓடும். இரண்டாம் உலகப் போரில் எண்ணெய் இல்லாமல் ஜேர்மனியிலும் சுவீடனிலும் பிரான்சிலும் இலட்சக்கணக்கான வாகனங்கள் இப்படித்தான் ஓடின. பிரான்சில் ஜோர்ஜ் இம்பேர்ட் என்பவர் 1920களில் அமைத்த அடுப்பு அவற்றில் பலவற்றின் தாய். லண்டன் பஸ்களிலும் சிலவற்றின் பின்னால் நிலக்கரியை வாயுவாக்கும் ஒரு சின்ன வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். தமிழ்நாட்டுக் கிழவர்களைக் கேட்டால் கரி பஸ்ஸைப் பற்றிச் சொல்லுவார்கள். ஏற்றத்தில் ஆட்கள் இறங்கித் தள்ளிய கதையோடுதான் சொல்லுவார்கள்.

அண்ணையின் மெசின் முதல் நாள் அரை மணித்தியாலம் ஓடியது. இரண்டாம் நாள் இருமியது. மூன்றாம் நாள் இறுகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் வால்வு எல்லாம் கறுப்பாய், தேன் மாதிரி, ஆனால் தேனைவிட ஒட்டும் ஒரு பொருள். தார். விறகிலிருந்து முதலில் கிளம்பும் ஆவி, ஆயிரம் பாகைச் சூட்டுக் கரிக்கூடாகப் போய் உடையாவிட்டால், குளிர்ந்த இடத்தில் தாராய்ப் படிந்துவிடும். அண்ணை ஒரு கிழமை யோசித்தார். பிறகு விறகை விட்டுவிட்டுத் தேங்காய்ச் சிரட்டையை முதலிலேயே கரியாக்கி அதைப் போட்டார். கரியில் தார் அநேகமாக இராது. வாயு வரும் குழாயைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள்ளால் விட்டுக் குளிரவைத்து, தும்பு அடைத்த இன்னொரு தகரத்தால் வடித்தார். உமியையும் போட்டுப் பார்த்தார். அது சாம்பலாய்க் கட்டிபட்டு அடைத்துக்கொண்டது. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதுவும் மணல் போன்ற சாம்பல். கடைசியில் சிரட்டைக்கரியே நின்றது. அந்தப் போகம் மிளகாய் பிழைத்தது. ஊரில் சிரட்டைக்கு விலை வந்தது இன்னொரு கதை.

“கிட்ட நிண்டு மூக்கால இழுக்காதேங்கோ. இது மணக்காது, ஆனா ஆளை அடிச்சுப்போடும்” என்று அண்ணை எங்களைத் துரத்துவார். நாங்கள் போகமாட்டோம்.

பெட்ஸெட்டிலும் தார்தான். 2002இல் கட்டிமுடித்த தொகுதி அது. பில் டன்ஸ்ரர் என்ற கட்டடக்கலைஞரின் வரைபடம். பீபொடி என்ற வீடமைப்பு அறக்கட்டளையின் முதல். லண்டன் வீதிகளில் வெட்டி எறியும் மரக்கிளைகளைச் சீவலாக்கி, வாயுவாக்கி, ஒரு எஞ்சினில் எரித்து 130 கிலோவாட் மின்சாரமும், அதன் சூட்டில் வீடுகளுக்குச் சுடுதண்ணீரும் எடுப்பது திட்டம். குளிர்ந்த இடங்களில் தார் படிந்தது. இப்படியான அடுப்பை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும்; இதையோ இரவில் நிறுத்திக் காலையில் மூட்டினார்கள். ஒவ்வொரு முறை குளிரும்போதும் தார். 2005இல் நிறுத்திவிட்டு, எல்லோரையும் போலக் குழாய் எரிவாயுவில் கொதிகலன் வைத்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. எத்தனையோ பட்டதாரிகள் சேர்ந்து செய்ததும் விசுவமடுவில் ஒரு மெக்கானிக் செய்ததும் ஒரே இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டன என்பது மட்டும் எங்களுக்கு ஒரு மாதிரியான ஆறுதல். இரண்டு வருடம் பொறியியல் படித்து 2009இல் பாதியில் நின்ற ஆட்கள் நாங்கள். இப்படியான ஆறுதல்கள் எங்களுக்குத் தேவைப்படும்.

செய்து காட்டிய இடங்களும் உண்டு. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறைப் பஞ்சாயத்து, மர ஆலைக் கழிவைப் போட்டு 9 கிலோவாட் வாயு அடுப்பு வைத்துக் குடிதண்ணீர் இறைத்தது. பீகாரில் 2007இல் தம்குஹா என்ற கிராமத்தில், அண்ணையைத் தோற்கடித்த அதே உமியிலிருந்து விளக்கு எரித்தார்கள். இலங்கையில் எங்கள் வேலிகளில் நின்ற சீமைக்கிளுவையை, தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று 2005இல் அறிவித்தார்கள், விறகு மின்சாரத்தை நினைத்து. வேலிக்கு அப்படி ஒரு பதவி உயர்வு!

இனிச் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும்.

2010ஆம் ஆண்டு டிசம்பர். வந்து எட்டு மாதம். அந்த மாதம் இந்த நாட்டில் நூறு வருடத்தில் இல்லாத குளிர். மேல்மாடியில் ஒரு றூமில் நான்கு பேர். அந்தக் காலத்திலிருந்துதான் ‘நான்’ என்று எழுதக் கை வருவதில்லை. கட்டில் முறை, சப்பாத்து முறை, எல்லாம் முறை. மீற்றருக்குக் காசு போட்டால்தான் ஹீற்றர். அன்று காசில்லை. ரெஸ்ரோரண்டில் இறைச்சி வாட்டும் கரி அடுப்பு இருந்தது. இரவு பூட்டும்போது தணல் மிச்சம். அதை ஒரு பழைய சட்டியில் அள்ளி, மூடி, துணி சுற்றி, றூமுக்குக் கொண்டுவந்தோம். கொண்டுவந்தது வேறு யாருமில்லை, புகைக்கு நெருப்புக் குச்சி காட்டியதைப் பார்த்த, காபனோரொட்சைட்டைப் பற்றிப் பரீட்சையில் பக்கம்பக்கமாய் எழுதிய நாங்கள்தான். யன்னல் இடுக்கெல்லாம் குளிருக்குப் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. தணலை நடுவில் வைத்தோம். சின்னவன் கையை நீட்டிச் சூடு பிடித்து, “அண்ணை, ஊர் மாதிரிக் கிடக்கு” என்றான்.

சோறு வைக்க இருவர் கீழே இறங்கினோம். சமைத்து, ஊருக்கு ஒரு ரெலிபோன் எடுத்து, மேலே வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தபடி இருந்தான். சின்னவன் நல்ல நித்திரை. கன்னம் சிவந்து, வடிவாய்க் கிடந்தான். தட்டினோம். எழும்பவில்லை. அப்போதுதான் அண்ணையின் குரல் கேட்டது. யன்னலை உடைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். பிளாஸ்ரரோடு சட்டமும் வந்தது.

இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் பொருள், காபனோரொட்சைட்டை இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். பிடித்தால் இலேசில் விடாது. லண்டன் இதை நன்றாக அறியும். 1812இலிருந்து ஒன்றரை நூற்றாண்டு இந்த நகரம் எரித்தது நிலக்கரி வாயு. ஈஸ்ற்ஹாமில் இருப்பவர்களுக்குப் பெக்ரன் தெரியும். 1870இல் அங்கே தொடங்கிய வாயுத் தொழிற்சாலை பெயர்பெற்றது. அந்த வாயுவில் காபனோரொட்சைட் இருந்தது. அடுப்புக்குள் தலையை வைத்துச் செத்தவர்கள் எத்தனையோ பேர். 1967இலிருந்து பத்து வருடத்தில் வடகடல் வாயுவுக்கு மாறிய பிறகுதான் அந்தச் சாவு நின்றது.

அம்புலன்ஸை அழைப்பதா என்று நாங்கள் வாதிட்டோம். எத்தனை நிமிடம் என்று இன்றைக்கும் கணக்குப் பார்ப்பதில்லை. சின்னவனின் வழக்கு நிராகரிக்கப்பட்டு இரண்டு மாதம். அழைத்தால் பொலிஸ் வரும், பிடிப்பார்கள், அனுப்புவார்கள் என்று ஒருவன். செத்தால் யார் அனுப்புவது என்று இன்னொருவன். அவசரப் பிரிவில் விசா கேட்பதில்லை, காசும் கேட்பதில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 999ஐ அழுத்தியபோது கை நடுங்கியதால் இரண்டு தரம் பிழைத்தது. வந்தவர்கள் எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்கள்: “எவ்வளவு நேரம் இருந்தான்?” முகத்தில் ஒட்சிசன் மூடியை வைத்துத் தூக்கிப்போனார்கள். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்க நாங்கள் ஒரு பொய்ப் பெயர் சொன்னோம். இரண்டாம் நாள் கண் முழித்த சின்னவன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டான். தாதி இரண்டையும் எழுதிக்கொண்டு போனாள். ஒருவரும் வரவில்லை.

சின்னவன் இப்போது குரோய்டனில். விசா கிடைத்தது, கலியாணம் முடித்தான், இரண்டு பிள்ளைகள். அன்றைக்குப் பிறகு கொஞ்சம் மறதி என்று மனுசி சொல்லுவாள். முன்பும் அவனுக்கு மறதிதான் என்று நாங்கள் சொல்லுவோம். அவள் எங்களைப் பார்க்கும் பார்வையில் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

அண்ணை 2009இல் தப்பி, மெனிக் பாமில் இருந்து, திரும்பவும் விசுவமடுவுக்கே போனார். 2022இல் நாட்டில் எண்ணெய் இல்லாமல் கியூவில் சனம் நாட்கணக்காய்க் கிடந்தபோது ஒருநாள் ரெலிபோன் எடுத்தார்.

“தம்பி, பீப்பாயைத் திரும்ப எடுக்கிறன். கழுத்து எத்தினை இஞ்சி வைச்சாச் சரியா இருக்கும்? நீ படிச்சனியெல்லே.”

இரண்டு வருடம்தான் படித்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை. எஞ்சினின் அளவைக் கேட்டு, மூன்று நாள் இரவு வேலை முடித்து வந்து கணக்குப் பார்த்துச் சொன்னோம். அவர் அதைவிட அரை இஞ்சி குறைத்து வைத்தார். அதுதான் சரியாக வந்ததாம்.

ஊருக்குப் போன ஒருவரிடம் காபனோரொட்சைட் அலாரம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டோம், பற்றரியோடு. பீப்பாய்க்குப் பக்கத்தில் கட்டாயம் மாட்டும்படி திரும்பத் திரும்பச் சொன்னோம். ஒரு மாதம் கழித்து எடுத்தபோது விசாரித்தோம். பீப்பாய் வெளியில் நிற்கிறது, வீட்டுக்குள் மாட்டினேன், அண்ணி அடுப்பு மூட்டும் நேரமெல்லாம் அது கத்துகிறது, கோழியெல்லாம் வெருளுது என்றார்.

“அப்ப என்ன செய்தனீங்கள்?”

“பற்றரியைக் கழட்டி ரேடியோவுக்குப் போட்டிட்டன்.”