பாரிசில் பசியாறிய நாள்

எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பா 31 ஆண்டுகள் விரைவுப் பேருந்து ஓட்டியவர். அவருடைய உலகத்தின் எல்லை ஈப்போவில் தொடங்கிச் சிங்கப்பூரில் முடிந்துவிடும். பணி ஓய்வு பெற்றதும், சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, "ஐஃபெல் கோபுரத்தைப் பார்க்கணும்" என்றார். "ஏங்க, காசிக்குப் போகலாமே?" என்று அம்மா கேட்டதற்கு, "காசிக்கு வயசானப்புறம் போய்க்கலாம்" என்று பதில் வந்தது. மீதிப் பணத்தை அண்ணன் போட, 2025 ஆகஸ்டு மாதம் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஐந்து வயது மகள், நான் என அறுவர் பாரிசுக்குப் புறப்பட்டோம்.

பெட்டிகளோடு ஒரு சண்டையையும் நாங்கள் சுமந்துகொண்டு போனோம். பாப்பாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதுதான் அது. தமிழ்ப்பள்ளி என்பது அம்மாவின் பிடிவாதம். தேசியப் பள்ளி என்பது அண்ணனின் முடிவு. அண்ணனும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்தான். ஆறாம் ஆண்டுத் தேர்வில் மலாய்மொழி கைகொடுக்காததால், இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்ந்தார். அவர் வயதுத் தோழர்கள் முதலாம் படிவம் போக, இவர் மட்டும் பின்தங்கினார். இன்று பொறியியலாளராக இருந்தாலும், "அந்த ஒரு வருசத்தை எனக்கு யார் திருப்பித் தருவா?" என்று கேட்டால் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. அண்ணி தேசியப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்து தெரியாது. விமான நிலையத்திலும் அம்மாவும் அண்ணனும் தேவைக்கு மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

பதின்மூன்று மணி நேரத்திற்கும் மேலான பயணம். காலை ஏழு மணிக்குத் தரையிறங்கினோம். நம் நாட்டில் அப்போது பகல் ஒரு மணி! நமக்கு விசா தேவையில்லை என்பதால் குடிநுழைவில் சிக்கல் இல்லை. கடப்பிதழில் முத்திரை குத்திய அதிகாரி 'போன்ஜூர்' என்றதற்கு அம்மா 'வணக்கம்' என்றார். அவரும் சிரித்தார்.

நகருக்குள் செல்லும் ரயிலில் ஒருவருக்கு 13 யூரோ. பெரியவர்கள் ஐவருக்கு மட்டும் 65 யூரோ. அப்பா விரல்களை மடக்கி, "முன்னூற்று இருபது வெள்ளிக்கு மேல! இந்தக் காசுக்கு நான் பஸ்ஸையே தனியா ஓட்டிக் காட்டுவேன்" என்றார். அன்று முழுவதும் அவர் எந்த விலைப்பட்டியலையும் ஐந்தால் பெருக்காமல் படிக்கவில்லை.

கார் து நோர் ரயில் நிலையத்தின் அருகில் எங்கள் தங்கும் விடுதி. அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டுப் பசியோடு வெளியே வந்தோம். அண்ணன் கைத்தொலைபேசியில் உணவகம் தேடினார். அண்ணி ரொட்டிக் கடை ஒன்றைக் காட்டினார். அம்மாவோ எதையும் கேட்காமல் தெருவின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க பாரு… தமிழ்ல எழுதியிருக்கு."

அதுதான் லாச்சப்பல். கார் து நோரிலிருந்து வடக்கே பத்து நிமிட நடை தூரத்திற்குள், இலங்கைத் தமிழர்கள் உருவாக்கிய கடைவீதி. 'குட்டி யாழ்ப்பாணம்' என்றும் சொல்வார்கள். இலங்கையில் 1983க்குப் பிறகு மூண்ட போரிலிருந்து தப்பி வந்தவர்கள் அங்கே கடை போட்டார்கள். நகைக்கடை, புடவைக்கடை, முடிதிருத்தும் கடை, மளிகைக்கடை என வரிசையாகத் தமிழ்ப் பலகைகள். மளிகைக்கடை வாசலில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். 1985இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் அதன் தேர் பாரிஸ் வீதிகளில் வலம் வரும்போது சாலையிலேயே தேங்காய் உடைப்பார்கள்.

எங்கள் அம்மா ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவர். வங்கிக்குப் போனாலும் மருத்துவமனைக்குப் போனாலும் பாரம் நிரப்ப எங்களில் ஒருவர் உடன் போக வேண்டும். அன்று அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி! ஒவ்வொரு பலகையாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே முன்னால் நடந்தார். "அத்தை, அது என்ன போட்டிருக்கு?" என்று அண்ணி கேட்கக் கேட்க, அவர் நடையில் ஒரு வேகம் கூடியது.

ஓர் உணவகத்தில் நுழைந்தோம். கல்லாவில் அறுபது வயது மதிக்கத்தக்க ஐயா ஒருவர்.

"வாங்கோ, இருங்கோ. எங்கையிருந்து வாறியள்?"

"மலேசியாங்க. பசியாற என்ன இருக்கு?" என்றார் அம்மா.

"பசியாறவோ?" அவர் அந்தச் சொல்லை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "நல்ல வடிவான சொல்லு. நாங்கள் காலமைச் சாப்பாடு எண்டுதான் சொல்லுவம்."

இடியப்பமும் சொதியும் சம்பலும் வந்தன. அப்பா முதன்முறையாக ஐந்தால் பெருக்க மறந்தார். தேநீரைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, ஐயா பாப்பாவிடம் குனிந்தார். "உங்கட பேர் என்ன, குஞ்சு?"

பாப்பா பெயரைச் சொல்லிவிட்டு, தனக்கு மைலோ வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டார்.

"பரவாயில்லை. என்ர பேரப்பிள்ளையும் இப்பிடித்தான். நான் தமிழில கேட்டால் அவன் பிரெஞ்சில மறுமொழி சொல்லுவான். கிழமையில ஒருநாள் தமிழ் வகுப்புக்குப் போறான். ஒருநாள் படிச்சதை ஆறுநாள் மறக்கிறான்" என்று சிரித்தார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "உங்கட நாட்டில அரசாங்கமே தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துதாம். மெய்யோ?" என்று கேட்டார்.

அண்ணன்தான் விளக்கினார். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதையும், ஆறு ஆண்டுகள் அங்கே படிக்கலாம் என்பதையும், ஆசிரியர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுப்பதையும் சொன்னார். 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பைப் பற்றிக்கூடச் சொன்னார். அவருக்கு இவ்வளவு தெரியும் என்பதே எனக்கு வியப்பு.

"கணக்கும் தமிழிலயோ?"

"ஆமாங்க, கணக்கும் தமிழ்லதான்."

ஐயா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் போகப்போறா?" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எங்கள் மேசையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. பதின்மூன்று மணி நேரமும் நாங்கள் தவிர்த்து வந்த கேள்வி, சொதிக் கிண்ணத்துக்கு அருகில் வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவரை இன்றும் பாராட்டுகிறேன்.

"இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றார் அண்ணன். 'முடிவு பண்ணியாச்சு' என்றுதான் அதுவரை சொல்லி வந்தார்.

மாலை மெட்ரோ பிடித்து த்ரோக்கதேரோ சென்றோம். படிக்கட்டில் ஏறித் திரும்பியதும், எதிரே கோபுரம்! 1889இல் திறக்கப்பட்டது; இன்று 330 மீட்டர் உயரம். 1930 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். "நம்ம கே.எல். கோபுரம் 421 மீட்டர்" என்று அண்ணன் சொன்னார். "உயரத்தைப் பார்க்கவா வந்தேன்? நான் வேலைக்குச் சேர்ந்த வருசம் டிப்போ சுவர்ல மாட்டியிருந்த காலண்டர்ல இந்தப் படம்தான் இருந்துச்சு" என்றார் அப்பா. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்கும் அங்கே வெளிச்சம் இருந்தது. பத்து மணிக்குக் கோபுரம் முழுதும் விளக்குகள் மினுமினுத்தன. ஐந்து நிமிட ஒளிமழை! நம் நாட்டில் விடியற்காலை நான்கு மணி. பாப்பா தாத்தாவின் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

அப்போது அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்: "முதலாம் படிவத்துல பின்னம் படிக்கிறப்ப தடுமாறினேன்னு சொல்லுவியே… எத்தனை மாசம்?"

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆசிரியர் 'பெச்சஹான்' என்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரும்பலகையில் அரையும் காலும் எழுதியதும்தான், இது நம் பின்னம் ஆயிற்றே என்று புரிந்தது. கணக்கு எனக்குத் தெரியும். அதன் மலாய்ப் பெயர்தான் தெரியவில்லை.

"ஒரு மாசம் இருக்கும்ணே. சொல்லுதான் புதுசு. கணக்கு ஏற்கெனவே உள்ள இருந்துச்சு."

"எனக்கு ஒரு வருசம்" என்றார். பிறகு, "ஆனா உனக்கு வீட்டுல மலாய் சொல்லிக்கொடுக்க நான் இருந்தேன். எனக்கு யாரும் இல்ல" என்றார்.

அந்த வாக்கியத்தைத்தான் நான் பாரிசிலிருந்து கொண்டு வந்திருக்கிறேன். அண்ணனின் தயக்கம் தமிழ் மீதான வெறுப்பு அன்று. வழித்துணை இல்லாமல் நடந்த ஒரு சிறுவனின் அச்சம் அது. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் மன்றாடும் நாம், அங்கிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மலாய் சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோமா? நண்பர்களே, பல்கலைக்கழகம் வரை வந்துவிட்ட நம்மால் அது முடியும்.

பாப்பாவின் பள்ளி பற்றி அண்ணன் இன்னும் இறுதியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால், சனிக்கிழமை மாலைகளில் நான் பாப்பாவுக்கு மலாயும் தமிழும் சொல்லிக்கொடுக்கிறேன். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து 'அ' எழுதிப் பழகுகிறார். சென்ற வாரம் 'ழ'கரம் வரை வந்துவிட்டார்.