இடைசெவல் வழியே: காவிப் பல்லும் பீங்கான் புன்னகையும்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்லும் வாசக அன்பரே, கோவில்பட்டியைத் தாண்டியதும் சற்று விழித்திருங்கள். நாலாட்டின்புத்தூரைக் கடந்து, கயத்தாறை எட்டுமுன் இடைசெவல் என்றோர் ஊர் வரும். நான்குவழிச் சாலையில் விரையும் வண்டிகளுக்கு அது வெறும் பெயர்ப்பலகை. ஆயினும் சாகித்ய அகாதமி விருது பெற்ற எழுத்தாளர்கள் இருவரைத் தந்த சிற்றூர் அது. கு. அழகிரிசாமிக்கு 1970-இல், அவர் மறைந்தபின் அவ்விருது வந்தது. கி. ராஜநாராயணன் 1991-இல் பெற்றார். 2021-இல் புதுச்சேரியில் காலமான கி.ரா.வின் உடல், அரசு மரியாதையுடன் இம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதும், ஐப்பசி மழையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கவைப்பதும் இந்தக் கரிசல் மண்ணின் குணம். பருத்தியும் கம்பும் உளுந்தும் மக்காச்சோளமும் வானத்தை நம்பி விளைகின்றன. இங்கே அருமையான பொருள் தண்ணீர். கோவில்பட்டி நகரமே சீவலப்பேரியிலிருந்து குழாய்வழி வரும் தாமிரபரணி நீரை எதிர்பார்த்திருக்கிறது. ஆற்று நீர் எட்டாத இடங்களிலும், எட்டியும் முறைவைத்து வரும் இடங்களிலும் ஆழ்துளைக் கிணறே கதி. நான் எழுத வந்த செய்தி அந்தக் கிணற்றுக்குள்ளிருந்துதான் தொடங்குகிறது.

வறண்ட நிலத்தின் ஆழத்தில், பாறைகளோடு நெடுங்காலம் உறவாடிய நீரில் புளோரைடு என்னும் உப்பு கரைந்திருப்பதுண்டு. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் நடந்த ஆய்வுகள் இதைப் பதிவு செய்துள்ளன. எல்லாக் கிணறும் ஒன்றல்ல. ஒரே ஊரில் ஒரு கிணறு நன்றாயிருக்க, அடுத்த கிணறு கெட்டிருக்கலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருத்தல் நலம், வேறு வழியில்லையேல் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்திய தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களின் எனாமல் சரியாக முதிர்வதில்லை. முளைக்கும்போதே சுண்ணாம்புத் திட்டுகள் தென்படும். பாதிப்பு மிகுந்தால் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் விழும். எட்டு வயதுக்குள் முன்பற்களின் தலைவிதி எழுதப்பட்டுவிடும். அதன்பின் எத்தனை வேப்பங்குச்சி கொண்டு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது, ஏனெனில் அது பல்லின்மேல் படிந்ததன்று, பல்லுக்குள் பிறந்தது.

இது நம் சீமைக்கு மட்டும் வந்த சோதனையும் அன்று. அமெரிக்காவின் கொலராடோவில் மக்களின் பழுப்புப் பற்களைக் கண்டு வியந்த மெக்கே என்னும் பல்மருத்துவர் 1901 முதல் காரணம் தேடினார். குடிநீரிலுள்ள புளோரைடே காரணம் என்பது 1931-இல்தான் தெளிவாயிற்று. 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், எலும்பையே முடக்கும் அளவுக்கு இந்நோய் இருப்பதை டாக்டர் ஷார்ட் குழுவினர் எழுதினர். தமிழகத்தில் இதனால் பெரிதும் வாடிய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது.

நோவு தராத நோய் என்று இதை எளிதாக ஒதுக்கிவிடலாமா? பெண் பார்க்க வருபவர்கள் முன்னே முக்காட்டின் நுனியால் வாயை மறைத்துக்கொள்ளும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். பல் துலக்காதவள் என்ற பழியை அவள் காரணமின்றிச் சுமக்கிறாள். வகுப்பில் சிரிக்கக் கூசும் பையனுக்கும் அதே கதிதான். அந்தக் கூச்சத்தைக் குறிவைத்தே இன்று நகரத்துப் பல் மருத்துவமனைகள் 'வெனீர்' என்னும் பீங்கான் மேலுறையை விளம்பரம் செய்கின்றன.

வெனீர் என்பது நகக்கண் கனத்தில் செய்த பீங்கான் தகடு. முன்பல்லின் வெளிமுகத்தை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி, அச்செடுத்து, ஆய்வுக்கூடத்தில் தகட்டை வார்த்து, பசையால் ஒட்டுகிறார்கள். 1920-களின் இறுதியிலும் 30-களிலும் ஹாலிவுட் நடிகர்களுக்காக டாக்டர் பின்கஸ் படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் ஒட்டிக் கழற்றியதே இதன் ஆதி. நிலையாக ஒட்டும் முறை 1980-களில் கைவந்தது. காபிக் கறை ஏறாது, பார்வைக்கு இயற்கைப் பல் போலவே இருக்கும் என்பது உண்மை. ஆனால் செதுக்கிய எனாமல் மீண்டும் வளராது. பத்துப் பதினைந்து ஆண்டில் உறை பழுதானால் வேறு உறைதான் போட வேண்டும். இருபது வயதில் எட்டுப் பற்களுக்குப் போட்டுக்கொண்டவர், வாழ்நாளில் இரண்டு மூன்று முறை அதே செலவைச் சந்திக்க நேரும். இதைத் திருமணச் செலவோடு முடிந்துவிடும் கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள்.

புளோரைடு பல்லுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அதன் எனாமல், ஒட்டுவதற்காகத் தடவும் அமிலத்துக்கு எளிதில் இளகிக் கொடுக்காது. பசை நன்றாகப் பிடிக்கத் தனிக் கவனம் வேண்டும். ஆகவே எளியதிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. மெல்லிய கறையாயின் மேற்பரப்பை அமிலமும் பொடியும் கொண்டு மிக நுண்ணிதாகத் தேய்த்தெடுக்கும் முறை உண்டு. வெளுப்பாக்கும் மருந்தையும் அதனுடன் சேர்ப்பர். முதலில் வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியக்கூடும், பதற வேண்டாம். அதற்கும் அடங்காத பல்லுக்குக் காம்போசிட் என்னும் பசைப்பூச்சு உண்டு. அது விரைவில் நிறம் மங்கும் என்றாலும் செலவு குறைவு, உடைந்தால் அன்றே சரிசெய்யலாம், பல்லையும் அதிகம் இழக்க வேண்டியதில்லை. குழி விழுந்து, எனாமல் உதிர்ந்து, இவை எதற்கும் இணங்காத பல்லுக்கே பீங்கான் என்பது என் கருத்து. பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளுக்கும், உறக்கத்தில் பல் நறநறப்பவர்களுக்கும், ஈறுநோய் ஆறாதவர்களுக்கும் அது இப்போதைக்கு வேண்டாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று நம் இல்லங்களில் கேட்கிறார்கள். அழகுக்காகப் பற்களைத் தேய்த்து இடைவெளி உண்டாக்கி, அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் பெண்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். அதே நபியவர்கள், போரில் மூக்கை இழந்து, வெள்ளியில் பொருத்திய மூக்கு நாற்றமெடுத்தபோது அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்குப் பொருத்திக்கொள்ளச் சொன்னதும் ஹதீஸில் உண்டு. குறையை நீக்குவது வேறு, நல்ல பல்லை நடிகையின் பல்லாக்குவது வேறு என்னும் கோட்டை உலமாக்கள் இவ்விரண்டிலிருந்தே வரைகிறார்கள். உங்கள் பல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் நோயைக் காட்டிக் கேளுங்கள். நிலையாக ஒட்டியபின் குளிப்பு நிறைவேறுமா என்பதையும் அப்போதே தெளிந்துகொள்ளலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் உள. எத்தனை பல், எவ்வளவு செதுக்குவீர்கள், செதுக்காமல் முடியாதா, உடைந்தால் யார் பொறுப்பு? அழகு நிலையத்தில் பல் ஒட்டித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். சட்டப்படி பதிவு பெற்ற பல்மருத்துவருக்கே அந்த உரிமை.

எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால், வெனீர் பணத்தில் சிறு பங்கை இன்றே தண்ணீருக்குச் செலவிடுங்கள். ஆழ்துளை நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். மாடியில் பெய்யும் மழைநீரில் அது அநேகமாக இல்லை. சவ்வூடு வடிகட்டும் ஆர்.ஓ. கருவியும் அதைப் பெரும்பாலும் நீக்கிவிடும்.

பீங்கான் போட்டவர்கள் கரிசலுக்கு வந்தால் ஒரு எச்சரிக்கை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயை முன்பல்லால் கடித்து ஒடிக்காதீர்கள். கையால் உடைத்துக் கடைவாயில் போட்டுக்கொள்ளுங்கள்.