கோ, வென்ட், கான்



போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி வீடியோ காலில் வந்தாள். நாலு வயது, பெங்களூரில் வளர்கிறாள். "பாட்டி, ஐ கோடு டு பார்க்" என்றாள். எல்லோருக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்துவிட்டான்.

1986. ஐந்தாம் வகுப்பு. இறந்தகாலம் நடத்தினேன். வினைச்சொல்லுக்குப் பின்னால் இ, டி சேர்த்தால் போதும், வாக் வாக்டு ஆகும், பிளே பிளேடு ஆகும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். மறுநாள் அவன் 'நேற்று சந்தைக்குப் போனேன்' என்பதற்கு, கோவோடு இ, டி சேர்த்து எழுதி வந்தான்.

"என்னடா இது, கோடு? ஸ்கேல் வச்சுப் போட்டியா?" என்றேன். வகுப்பே சிரித்தது.

"நீங்கதானே டீச்சர் இ, டி போடச் சொன்னீங்க?" என்றான்.

எதிர்த்துப் பேசுகிறான் என்று ஸ்கேலால் உள்ளங்கையில் ஒன்று வைத்தேன். கோ, வென்ட், கான் என்று ஐம்பது முறை எழுத வைத்தேன். அன்றிலிருந்து பிள்ளைகள் அவனை 'கோடு' என்றே கூப்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை.

கோவிலிருந்து வென்ட் எப்படி வந்தது? பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கும் அது மனப்பாடம்தான். ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வென்ட், கோவின் பிள்ளையே இல்லை. திரும்பு, வழி பிடித்துப் போ என்ற பொருளில் 'வெண்ட்' என்று வேறொரு வினை இருந்தது. ஸ்பெண்ட் ஸ்பென்ட் ஆவதுபோல, வெண்டின் இறந்தகாலம் வென்ட். கோவுக்குப் பழைய ஆங்கிலத்தில் வேறொரு இறந்தகால வடிவம் இருந்தது. அதுவும் கோவோடு ஒட்டாத சொல்தான். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அது வழக்கொழிந்துபோக, வென்ட் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சொந்தப் பிள்ளையைத் தத்துக் கொடுத்த வெண்ட், இன்று இறந்தகாலத்துக்கு இ, டி போட்டுக்கொண்டு 'வெண்டட்' என்று நிற்கிறது.

ஸ்காட்லாந்தில் கதை வேறு. அங்கே கோவை 'கேய்' என்பார்கள். அதன் இறந்தகாலம் 'கேய்டு'. அந்தப் பையன் செய்த அதே வேலை! ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796) போன்ற பெரிய கவிஞரே தம் பாட்டில் அப்படி எழுதியிருக்கிறார்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் பேசப் பழகும்போது இப்படிச் சொல்வதுண்டு. விதி மனதில் பதிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். என் பேத்தி சொன்னால் மழலை என்று ரசிக்கிறேன். சந்தைக்குப் போய்வந்த பிள்ளை எழுதியபோது அடித்தேன்.

தம்பி, நீ இதைப் படிப்பாயா தெரியாது. பரீட்சைக்கு வென்ட்தான் சரி. ஆனால் நீ கேட்ட கேள்வியும் சரி. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் அடித்தேன். மன்னித்துவிடு.

அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது அவனோடு தொடர்பில் இருந்தால் இதைக் காட்டுங்கள். கமெண்டில் அந்தப் பட்டப்பெயரை மட்டும் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்