கடலோரக் காற்றும் முட்டை மண்டியும்

சேந்தமங்கலம், 12 டிசம்பர் 2016

பிற்பகலில் ‘வர்தா’ புயல் சென்னையருகே கரை கடந்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். கொல்லிமலை அடிவாரத்தில் கார்த்திகை தீபத்துக்கு அகல் துடைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது அயலூர்ச் சமாசாரமாகவே தோன்றிற்று.

13 டிசம்பர்

காலையில் மண்டியைத் திறந்து கணினிமுன் அமர்ந்தபோதுதான், அந்தச் சமாசாரம் எங்கள் வாசற்படியேறி வந்துவிட்டது புலனாயிற்று. இணையம் அசையவில்லை, சென்னையில் கரையேறும் கடலடிக் கம்பிவடங்கள் புயலால் சேதமுற்றனவாம். முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலையைத் தொலைபேசியில் விசாரித்தறிந்துகொண்டோம். ஆனால் கேரள வியாபாரிகள் இரவோடிரவாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் தேவைப்பட்டியல் வந்து சேரவில்லை. பெட்டிக்கு ஏழு அட்டை, 210 முட்டையாகக் கட்டி அடுக்கியாயிற்று. லாரி மட்டும் வெறுமனே நின்றது.

“பாலக்காட்டுக்கு எத்தனை, திருச்சூருக்கு எத்தனைன்னு சொல்லுங்கய்யா, முதல்ல இறங்கறது கடைசியில ஏறணுமில்லீங்களா?” என்று ஓட்டுநர் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல, ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து எழுதி முடிப்பதற்குள் உச்சிப்பொழுது கடந்துவிட்டது. கோழிகளோ இணையத்தின் க்ஷேமத்தை விசாரியாமல் வழக்கம்போல் இட்டுக்கொண்டேயிருந்தன.

14 டிசம்பர்

ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாகி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நடப்புக் கணக்கிலிருந்தும் வாரத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க அனுமதியில்லை. ஆகவே வரவு செலவு முழுவதையும் வங்கிக் கணக்கின் வழியாகவே நடத்தப் பழகிக்கொண்டிருந்த இந்தச் சமயத்தில், ‘பணம் போட்டுவிட்டேன்’ என்று வியாபாரி சொல்ல, அது வந்ததா என்று பார்க்க இணையமின்றி, தீவனக்காரரிடம் நான் அவகாசம் கேட்க வேண்டியதாயிற்று.

16 டிசம்பர்

மார்கழி பிறந்தது; இணையமும் ஒருவாறு திரும்பிற்று. இந்தச் சௌகரியத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஏனெனில் இதனால்தான் ஒரு சிற்றூர் மண்டி கேரளம் முழுவதும் வியாபாரம் செய்கிறது. வேறொரு நிறுவனத்திடமும் இணைப்பு வாங்கலாம் என்கிறார் முதலாளி. இரண்டும் ஒரே கம்பிவடத்தை நம்பியிருக்குமாயின் நமக்குக் கிடைப்பது இரண்டு பாதையல்ல, இரண்டு பில்தான். அதை விசாரித்தறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

மண்டி நடத்தும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: வாடிக்கைக்காரர் பெயர், தொலைபேசி எண், வழக்கமான தேவை, பாக்கி ஆகிய நான்கையும் தினந்தோறும் ஒரு நோட்டில் மையால் எழுதி வையுங்கள்.