ஒரு கோடிக்கு ஒன்று குறைவு

கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தை நம்பி எங்கள் தெருவில் யாரும் காசு கொடுத்ததில்லை. படம் கான்ட்ரா ஆட்டத்துடையது, தலையில் துணி கட்டிய இரண்டு பேர் துப்பாக்கியோடு நிற்பார்கள். செருகிப் பார்த்தால் சர்க்கஸ் சிங்கத்தின் மேல் கோமாளி ஓடிவருவான். 1990-களின் நடுவில், பெங்களூர் அல்சூரில், வீடியோ கேம் கேசட்டை அடையாளம் காண்பது பையன்களுக்குள் ஒரு தனி வித்தை. பிளாஸ்டிக்கின் நிறம், கையில் வைத்தால் தெரியும் கனம், பின்பக்கத்தில் திருகு இருக்கிறதா வெறும் கொக்கியா, குலுக்கினால் உள்ளே பலகை ஆடுகிறதா என்பதையெல்லாம் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இதில் கைதேர்ந்தவர் மாடி வீட்டு அண்ணன். கேசட்டைக் காதருகே வைத்து ஒரு குலுக்கு குலுக்கி, "கான்ட்ரா இல்லடா, வேற என்னவோ" என்பார். அநேகமாக வேறு என்னவோவாகத்தான் இருக்கும்.

விளையாட்டுப் பெட்டிக்கும் வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. மீடியா, சாமுராய், லிட்டில் மாஸ்டர், விஸ் கிட். எங்கள் வீட்டில் இருந்ததற்குப் பெயரே இல்லை. அப்பா மெஜஸ்டிக்கில் நேஷனல் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கி வந்தது. பெயர் எதுவானாலும் திறந்து பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒரே ஆள்தான்: நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம், அதன் நகல். தைவான் கம்பெனிகள் அந்தச் சிப்புகளை அப்படியே பார்த்துச் செய்து உலகம் முழுக்க அனுப்பின. நின்டெண்டோ அதே இயந்திரத்தை அமெரிக்காவில் விற்றபோது கேசட்டின் முனைகளை 60-இலிருந்து 72 ஆக்கி, கள்ளக் கேசட்டைத் தடுக்க ஒரு பூட்டுச் சிப்பையும் வைத்தது. ஜப்பான் பெட்டியில் அந்தப் பூட்டு கிடையாது. அதனால்தான் நகலெடுத்தவர்கள் 60 முனைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். நின்டெண்டோ இந்த இயந்திரத்தை மொத்தம் 6.19 கோடி விற்றதாகக் கணக்குச் சொல்கிறது. எங்கள் தெருவில் இருந்த ஒரு பெட்டிகூட அந்தக் கணக்கில் வராது.

நேர்வழியில் ஒன்று வந்ததுண்டு. 1995-இல் சேகா கம்பெனியின் மெகா டிரைவ் பெட்டியை இந்தியாவில் விற்க ஷா வாலஸ் முன்வந்தது. ஆம், மதுபானத்துக்குப் பேர்போன அதே ஷா வாலஸ்தான். விலை 18,000 ரூபாய். எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேச மட்டும் செய்தோம்.

கேசட் மாற்றும் கடை அல்சூர் ஏரிக்குப் போகும் வழியில் இருந்தது. பழைய கேசட்டும் பத்து ரூபாயும் கொடுத்தால் வேறு கேசட். போகும் வழியில் திருவள்ளுவர் சிலை. 1991-இல் வைத்து, திறக்க முடியாமல் மூடியே கிடந்த சிலை அது, 2009-இல்தான் திறந்தார்கள். என் பள்ளிக்காலம் முழுவதும் வள்ளுவர் எங்களுக்கு ஒரு மூட்டை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று நாங்கள் யோசித்ததாக ஞாபகம் இல்லை. எங்கள் யோசனையெல்லாம் கடையின் கண்ணாடிக்குள் இருந்த மஞ்சள் கேசட்டைப் பற்றி. அதன் மேல் '9999999 இன் 1' என்று போட்டிருந்தது. ஒரு கோடிக்கு ஒன்றுதான் குறைவு.

செருகினால் முதலில் கடற்கரை வரும், பறவைகள் பறக்கும், கீழே ஆட்டங்களின் பட்டியல். பட்டியல் முடியவே முடியாது. பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தபோதுதான் சூட்சுமம் புரிந்தது. உண்மையில் இருந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். மற்றதெல்லாம் அதே ஆட்டம்தான். ஒன்றில் முதல் கட்டத்தில் தொடங்கும், இன்னொன்றில் நேராக எட்டாவது உலகத்தில் இறக்கிவிடும். ஆட்டம் தொடங்கும் முன் நினைவகத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டால் போதும், புது ஆட்டம் தயார். அந்தப் பட்டியலில் இருந்த சூப்பர் மேரியோ ஆட்டம் மொத்தமே 40 கிலோபைட். இன்று உறவினர்கள் அனுப்பும் காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது. மோசடிதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டாவது உலகம் எப்படி இருக்கும் என்பதை நான் நேர்மையாக விளையாடிப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

பட்டியலில் 'ஐலாண்டர்' என்று ஒன்று. இலைப்பாவாடை கட்டிய குண்டு ஆள் கல்கோடரி வீசிக்கொண்டு, பழம் தின்றுகொண்டு காட்டில் ஓடுவான். இன்றைக்கும் என் வயதுக்காரர்களிடம் ஐலாண்டர் என்றால் முகம் மலரும். ஜப்பானில் ஹட்சன் கம்பெனி 1986-இல் வெளியிட்ட அட்வென்ச்சர் ஐலண்ட்தான் அது. அதிலும் வேடிக்கை, அட்வென்ச்சர் ஐலண்டே சேகாவில் வந்த வொண்டர் பாய் என்ற ஆட்டத்தின் மறுவேஷம். கட்டங்கள் அதேதான், ஓடும் ஆள் மட்டும் வேறு. ஆக எங்களிடம் வந்தது மறுவேஷத்தின் கள்ளப் பிரதி. இதில் எந்த இடத்தில் 'ஒரிஜினல்' என்று கோடு போடுவது?

கேசட் எடுக்காவிட்டால் ஊதுவோம். எல்லா ஊரிலும் எல்லாப் பிள்ளைகளும் ஊதியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்காது. "ஊதாதடா, எச்சில் பட்டா முனை கறுத்துடும்" என்று பிடுங்கி, பென்சில் அழிக்கும் ரப்பரால் ஒவ்வொரு முனையாகத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார். ஒருமுறை முழுதாகவே திறந்து காட்டினார். பெரிய கூட்டுக்குள் பாதி இடம் காலி. சின்னப் பச்சைப் பலகை, நடுவில் புளி உருண்டையைப் பிடித்து வைத்ததுபோல ஒரு கறுப்புச் சொட்டு. அந்தச் சொட்டுக்கு அடியில்தான் சிப் இருக்கிறது. கூடு போட்டுக் கால் வைத்தால் செலவு என்று சிப்பை நேராகப் பலகையில் ஒட்டி மேலே பிசினை ஊற்றிவிடுகிறார்கள் என்றார். கொஞ்சம் பழைய கள்ளக் கேசட்டுகளில் காலோடு கூடிய முழுச் சிப்புகள் இருக்கும். மாடி வீட்டு அண்ணனின் குலுக்கல் வித்தைக்குப் பின்னால் இருந்த சங்கதி அதுதான்: கனம் இருந்தால் கால் வைத்த சிப், லேசாக இருந்தால் சொட்டு.

ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் கன்னடப் படம் பார்க்கப் பக்கத்து வீட்டு அஜ்ஜி வருவார். படம் தொடங்கும்வரை டிவி எங்களுடையது. பெட்டியில் செருகும் விளையாட்டுத் துப்பாக்கியால் திரையில் வாத்து சுடுவோம். ஒவ்வொரு வாத்து விழும்போதும் அஜ்ஜி "அய்யோ பாப" என்பார். சுடுவது எப்படி நடக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு வாத்தைவிட அதில் ருசி கூடிவிட்டது. துப்பாக்கியிலிருந்து டிவிக்கு எதுவும் போவதில்லை. டிவியின் வெளிச்சம்தான் துப்பாக்கிக்குள் வருகிறது. விசையை அழுத்தியதும் திரை கணநேரம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் குழாயின் உள்ளே இருக்கும் ஒளியுணரி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து காலி. டியூப்லைட்டைக் குறிபார்த்தும் சுட்டோம். அது ஏமாறவில்லை, டியூப்லைட் இருட்டைக் காட்டுவதில்லையே.

வேலைக்குப் போன பிறகு ஒரு ஜப்பான் ஃபேமிகாம் கைக்கு வந்தது. மேரியோவைப் போட்டால் பாட்டு ஏதோ அவசரத்தில் ஓடுகிறது, ஆளும் பதறுகிறான். ஜப்பானில் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். இங்கே டிவிக்கு 'பால்' (PAL) என்ற தரம், அதில் 50 முறை. எங்கள் பெட்டி அதற்கேற்ப நிதானமாகவே ஓடியிருக்கிறது. அந்த அசல் வேகம் இன்றுவரை என் காதுக்குத் தப்பாகத்தான் படுகிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் திருகின் வடிவத்தையும் பலகையில் அச்சிட்ட எழுத்தையும் பார்த்துக் கள்ளப் பிரதிகளை ஒதுக்குகிறார்கள். நான் அதே அடையாளங்களைப் பார்த்து அசலை ஒதுக்குகிறேன்.

ஞாயிறு காலைகளில் சிக்பேட்டை பக்கம் பி.வி.கே. ஐயங்கார் சாலையில் சண்டே பஜார் கூடும். பழைய செல்போன், கழற்றிய மோட்டார், கேசட் பிளேயர் இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு மஞ்சள் கேசட் தலைகாட்டும். குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். போன முறை வயர் சுற்றிய ஒரு துப்பாக்கி கிடைத்தது. இப்போதைய தட்டை டிவியில் அது வேலை செய்யாது. படம் கொஞ்சம் தாமதமாக வரும், துப்பாக்கி காத்திருக்காது. குழாய் டிவிதான் வேண்டும். இதை நான் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். "நம்ம குடோன்ல 21 இன்ச் பி.பி.எல். இருக்கு சார். காசு வேணாம், எடுத்துட்டுப் போங்க. மொதல்ல வீட்ல கேட்டுக்குங்க." வீட்டில் இன்னும் கேட்கவில்லை. லிஃப்ட் கதவின் அகலத்தை மட்டும் அளந்துவைத்திருக்கிறேன்.